கேட்டதால் செய்தார்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் குடும்பத்தை நாஜிகளிடமிருந்து ஒளித்துவைத்துக் காத்தவர்களுக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? பிறவிக் குணமா, மதமா, கொள்கையா?

க., திண்டுக்கல்

அன்புள்ள க.,

யூதர்களைக் காப்பாற்றிய 400-க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்தவர்கள் சாமுவேல் ஆலினர், பேர்ல் ஆலினர் தம்பதியர். சாமுவேலே சிறுவயதில் போலந்தில் ஒரு விவசாயப் பெண்ணால் காப்பாற்றப்பட்டவர். அவர்கள் கண்டது: மூன்றில் இரண்டு பங்கினர் யாரோ வந்து கேட்ட பிறகுதான் உதவத் தொடங்கினார்கள். ஆகவே கேட்டவர் யார் என்றும் பார்க்க வேண்டும்.

நெதர்லாந்தின் நியூலாந்தே கிராமத்தில் ஆர்னால்ட் டௌவெஸ் என்பவர் வீடு வீடாகப் போய் யூதர்களைத் தங்கவைக்க இடம் கேட்டார். சில நாட்களுக்கு என்று சேர்த்துக்கொண்ட வீடுகளில் அவர்கள் மாதக்கணக்கில் தங்கினார்கள். மதம் அங்கே முக்கியம்தான். ஆனால் அதே வேதத்தைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டவர்களும் ஏராளம்.

ஃபிராங்க் குடும்பத்துக்கு உதவிய மீப் கீஸிடம் 1942-இல் கேட்டவர் அவருடைய முதலாளி, ஆனின் அப்பா ஓட்டோ ஃபிராங்க். உடனே சம்மதித்தார். மீப் வியன்னாவில் பிறந்தவர். முதல் உலகப்போருக்குப் பின், பட்டினியால் நலிந்த 11 வயதுச் சிறுமியாக 1920-இல் நெதர்லாந்துக்கு அனுப்பப்பட்டவர். சேர்த்துக்கொண்ட வீட்டில் ஏற்கெனவே ஐந்து பிள்ளைகள். இன்னொரு தட்டு வைப்பது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும்.

சம்மதித்தபின் வந்ததெல்லாம் அன்றாட வேலை. ஒளிந்திருப்பவர் ரேஷன் அட்டை வாங்கப் போனால் பிடிபடுவார். மீப்பின் கணவர் யான், எதிர்ப்பு இயக்கத்தினர் வழியாகக் கூப்பன் கொண்டுவந்தார். அலுவலகக் கட்டடத்தின் மேலே ஒளிந்திருந்தவர்கள், ஃபிராங்க் குடும்பத்தோடு சேர்த்து எட்டுப் பேர். அத்தனை பேருக்கும் ஒருவரே வாங்கினால் சந்தேகம் வரும். மீப் காய்கறியும் இறைச்சியும் வாங்க, உடன் வேலை செய்த பெப் பாலும் ரொட்டியும் பார்த்துக்கொண்டார். காய்கறிக் கடைக்காரர் எதுவும் கேட்காமல் கூடுதலாகக் கொடுத்தார். தன் வீட்டில் இரு யூதர்களை ஒளித்திருந்த அவர் 1944 மே மாதம் கைதானதும் மேலே சாப்பாடு சுருங்கியது. கீழே கிடங்கில் ஆட்கள் வேலை செய்யும் பகல் நேரத்தில் கழிப்பறையில் தண்ணீர் ஊற்றக்கூட முடியாது. வெளியிலோ, 1943-இல் ஒரு யூதரைப் பிடித்துக்கொடுத்தால் ஏழரை கில்டர் (டச்சு நாணயம்) பரிசு. இப்படி 25 மாதங்கள். முதல் நாள் துணிச்சலை மட்டும் வைத்து இதைச் செய்துவிட முடியாது. நாளைக்கு உருளைக்கிழங்கு எங்கே கிடைக்கும் என்ற கவலைதான் அவர்களை மறுநாளும் நடக்கவைத்தது என்று நினைக்கிறேன்.

1944 ஆகஸ்ட் 4 அன்று எட்டுப் பேரும் பிடிபட்டார்கள். சில நாட்களில் மீப் நாஜிக் காவல் தலைமையகத்துக்கே போய், பணம் தருகிறேன், அவர்களை விட்டுவிடுங்கள் என்று பேரம் பேசிப் பார்த்தார்.