14 வருட வேலையை விடலாமா? முதலில் அந்த ஜாமீன் கையெழுத்தைப் பேசுவோம்

கேள்வி: எனக்கு வயது 41. பெரிய குளிர்சாதன இயந்திரங்களைப் பராமரிக்கும் நிறுவனத்தில் 14 வருடமாக சூப்பர்வைசர். சம்பளம் தேதி தவறாது. வருடத்துக்கு 4 சதவீதம் ஏறும். முன்பு என்னோடு வேலை பார்த்த நண்பர் 3 வருடமாகத் தனியாக இதே தொழிலைச் செய்கிறார். என்னைக் கூட்டாளியாக வரச் சொல்கிறார். 20 சதவீதப் பங்கு தருவார். அதற்கு எங்கள் வீட்டின் 12 மாதச் செலவுக்குச் சமமான பணத்தைப் போட வேண்டும். என்னிடம் 26 மாதச் செலவுக்கான சேமிப்பு இருக்கிறது, எல்லாமே வங்கி டெபாசிட். மனைவியின் சம்பளம் வீட்டுச் செலவில் 40 சதவீதத்தைத் தாங்கும். நண்பரின் வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது. அவருடைய வங்கிக் கடனுக்கு நானும் ஜாமீன் போட வேண்டுமாம். எனக்குப் போக ஆசை. வீட்டிலோ, ‘இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்காதே’ என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: போகலாம். ஜாமீன் மட்டும் போடாதீர்கள். இந்த இரண்டையும் ஒரே முடிவாக நினைத்துத்தான் குழம்புகிறீர்கள்.

வீட்டில் சொல்வதிலிருந்தே தொடங்குகிறேன். ‘இருப்பது’ அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அந்தப் பழமொழி நிற்கிறது. உங்கள் சம்பளம் வருடம் 4 சதவீதம் ஏறுகிறது. விலைவாசி 6 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டால், 10 வருடம் கழித்து அந்தச் சம்பளத்தால் வாங்க முடிவது இன்றைக்கு வாங்குவதில் சுமார் 83 சதவீதம்தான். யாரும் உங்களை வேலையை விட்டு அனுப்பவில்லை, ஒரு மாதம்கூடச் சம்பளம் தவறவில்லை, ஆனாலும் ஆறில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். சேமிப்பு முழுவதும் டெபாசிட்டில் இருக்கிறது; வரி போகக் கைக்கு வரும் வட்டி விலையேற்றத்தைவிடக் குறைவாக இருந்தால் அதற்கும் இதே கதிதான். விலைகள் எத்தனை வருடத்தில் இரட்டிப்பாகும் என்று தோராயமாக அறிய 72ஐ விலையேற்ற சதவீதத்தால் வகுத்துப் பாருங்கள், 6 சதவீதத்தில் 12 வருடத்தில் இரட்டிப்பாகிவிடும்.

நண்பரின் வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது என்று கவலையோடு எழுதியிருக்கிறீர்கள். சரியான கவலை. ஆனால் உங்களுக்கு எத்தனை வாடிக்கையாளர்? ஒருவர், உங்கள் முதலாளி. வருமானம் முழுவதும் அவரிடமிருந்துதான் வருகிறது. மாதச் சம்பளக்காரர் யாரும் இதை ஆபத்தாகவே நினைப்பதில்லை, நானும் நினைத்ததில்லை. 14 வருடம் பழகிய ஆபத்து பாதுகாப்பு போலவே தெரியும்.

புதிய ஆபத்து மட்டும் ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது? டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பேசியது. ஒரு தொகையை இழக்கும் வலி, அதே தொகை கிடைக்கும் மகிழ்ச்சியைவிடப் பெரியது. பின்னால் அவர்களே போட்ட கணக்கில் அது சுமார் இரண்டு மடங்குக்குச் சற்று மேல் வந்தது. ஆக உங்கள் பயத்தில் ஏறக்குறைய பாதி, மனம் தானாகக் கூட்டிக்கொண்டது. மீதிப் பாதி நிஜம், அதற்குத்தான் கணக்கு வேண்டும்.

அந்தக் கணக்கைப் போடுவோம். 26இல் 12 போனால் மீதி 14 மாதச் செலவு. மனைவியின் சம்பளம் இருப்பதால் மாதத்துக்கு 0.6 பங்குதான் கரையும். அப்படியானால் 23 மாதம் ஓட்டலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தொழில் படுத்தால் மறுபடி வேலை தேடும் காலத்துக்கும் வைத்தியத்துக்கும் 6 மாதச் செலவைத் தொடாமல் வைக்க வேண்டும். அதைக் கழித்தால் 8தான் மிச்சம், அது 13 மாதத்தில் தீரும். பராமரிப்புத் தொழிலில் வேலையை முடித்து, பில் போட்டு, பணம் கைக்கு வரவே இரண்டு மூன்று மாதம் ஆகும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். 13 மாதம் போதாது.

அதனால் நண்பரிடம் பங்குத் தொகையை இரண்டு தவணையாகக் கேளுங்கள். இப்போது 6 மாதச் செலவுக்கு 10 சதவீதப் பங்கு. ஒரு வருடம் கழித்து, கணக்குப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, அதே விலையில் மீதி 10 சதவீதம். இப்படிச் செய்தால், இரண்டாவது தவணையைப் போடாதவரை, 6 மாத ஒதுக்கீட்டைத் தொடாமலேயே 23 மாதம் தாங்கும். முதல் வருடத்திலேயே எல்லாம் போனாலும் நீங்கள் இழப்பது சேமிப்பில் ஒரு பகுதியும் ஒரு வருடச் சம்பளமும். வலிக்கும்தான். ஆனால் 42 வயதில், கையில் தொழில் தெரிந்தவருக்கு, அதிலிருந்து எழுந்து வர முடியும்.

ஜாமீன் அப்படியல்ல. அதில் இழப்புக்கு உச்சவரம்பை நீங்கள் வைப்பதில்லை, கடன் வைக்கிறது. பொதுவாக வங்கி ஜாமீன் பத்திரத்தில் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ என்று ஒரு சொற்றொடர் இருக்கும். 10 சதவீதப் பங்கு வைத்திருப்பவரிடமும் முழுக் கடனையும் கேட்கலாம் என்பதே அதன் அர்த்தம். நண்பருக்கு உடம்பு முடியாமல் போனாலோ, அந்தப் பெரிய வாடிக்கையாளர் கைவிட்டாலோ, உங்கள் வீட்டுக்கே நோட்டீஸ் வரும். நான் 34 வயதில் தெரிந்தவர் ஒருவருக்காக இப்படிக் கையெழுத்துப் போட்டேன். பேனாவை நீட்டியவர், ‘சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான் சார்’ என்று சொல்லி, பக்கத்தைத் திருப்பி அடுத்த இடத்தையும் காட்டினார். மொத்தம் 7 கையெழுத்து. ஒரு பக்கத்தையும் படிக்கவில்லை. கட்டி முடிக்க 4 வருடம் ஆனது.

உங்கள் ஜாமீன் இல்லாமல் வங்கி ஒப்புக்கொள்ளவே இல்லையென்றால் ஒரு நடுவழி உண்டு: நீங்கள் போட்ட மூலதனத்துக்குச் சமமான தொகைக்கு மட்டும் என்று வரம்பு எழுதிய ஜாமீன். அப்போதும் அந்தத் தொகையை ஏற்கனவே போய்விட்ட பணமாக நினைத்து, 23 மாதக் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். வரம்பில்லாத ஜாமீன்தான் வேண்டும் என்று வங்கியோ நண்பரோ பிடிவாதமாக நின்றால் வாய்ப்பு கைநழுவட்டும். அதற்காக உங்களைக் கோழை என்று யார் சொன்னாலும் சொல்லிவிட்டுப் போகட்டும்.

வேலையில் இருந்தபடியே கொஞ்ச நாள் இதைச் செய்து பார்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பொதுவாக நல்ல யோசனைதான். வேலையோடு சேர்த்துத் தொழிலைத் தொடங்கிப் பிறகு முழுநேரமாக மாறியவர்கள், எடுத்த எடுப்பிலேயே வேலையை விட்டவர்களைவிடத் தொழிலைக் கைவிடும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் உங்கள் நண்பர் செய்வது உங்கள் நிறுவனத்தின் அதே தொழில். சம்பளம் வாங்கிக்கொண்டே போட்டியாளருக்கு வேலை செய்வது தப்பு, மாட்டினால் பெயரும் போகும். அதற்குப் பதில் இரண்டு வாரம் விடுப்பு எடுங்கள். நண்பரோடு உட்கார்ந்து 3 வருட வங்கிக் கணக்கையும் வராத பாக்கிப் பட்டியலையும் பாருங்கள். லாபம் என்று அவர் சொல்லும் எண்ணும் வங்கியில் வந்து விழுந்த பணமும் எவ்வளவு தூரம் ஒத்துப்போகின்றன என்று அங்கே தெரிந்துவிடும். பெரிய வாடிக்கையாளரின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்ற தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ராஜினாமாவுக்கு முன் இரண்டு வேலை இருக்கிறது. இப்போதைய மருத்துவக் காப்பீடு அலுவலகம் தருவது என்றால், குடும்பத்துக்குத் தனியாக ஒன்று எடுத்துவிடுங்கள். பணி ஒப்பந்தத்தில் ‘வெளியேறிய பின் எங்கள் வாடிக்கையாளர்களை அணுகக் கூடாது’ என்ற மாதிரி விதி இருக்கிறதா என்று ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

பிரியும்போது உங்கள் பங்கை எந்தக் கணக்கில் திருப்பி வாங்குவது என்பதை, இன்னும் நண்பர்களாக இருக்கும்போதே எழுதி வையுங்கள். அதைப் பற்றிப் பேச அவர் கூச்சப்பட்டால் நீங்கள் தொடங்குங்கள். இரண்டு தவணை யோசனைக்கு அவர் என்ன பதில் சொன்னார் என்பதை எனக்கும் எழுதுங்கள்.