சேறு அப்பாத டயர் எது?

கேள்வி: புதிதாக ஒரு சைக்ளோகிராஸ் சைக்கிள் (ரோட்டிலும் சேற்று மண்பாதையிலும் ஓட்டும் பந்தய ரகம்) வாங்கினேன். வாரநாள்களில் தார்ச்சாலை, ஞாயிறு காலை புக்கிட் கியாரா காட்டுப்பாதை. மழைக்குப் பிறகு போனால் செம்மண் அப்பி சக்கரமே நின்றுவிடுகிறது. இன்னும் அகலமான டயர் போடலாமா?
– வாசகர், செராஸ்

பதில்: வேண்டாங்க. அகலம் கூடினால் டயருக்கும் ஃபோர்க்குக்கும் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) நடுவே இடைவெளி குறைந்து, மண் வெளியேற வழியில்லாமல் இன்னும் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். யூசிஐ (சர்வதேச சைக்கிள் சங்கம்) நடத்தும் சைக்ளோகிராஸ் போட்டிகளில் 33 மில்லிமீட்டர்தான் டயர் அகலத்துக்கு உச்சவரம்பு, அந்த அளவே உங்களுக்கும் போதும். பார்க்க வேண்டியது டயர்மேல் துருத்தி நிற்கும் ரப்பர் பல்லைத்தான்: உயரமாக, தள்ளித் தள்ளி இருந்தால் சக்கரம் சுற்றும்போதே சேற்றை உதறிவிடும். ஆனால் அதே டயர் தார்ச்சாலையில் இரையும், இழுக்கும், பல்லும் சீக்கிரம் தேயும். தினமும் ரோடுதான் என்றால் நடுவில் குட்டைப் பல், ஓரத்தில் உயரப் பல் உள்ள நடுத்தர ரகத்தைப் பின்னால் போட்டு, சேற்று டயரை முன்னால் மட்டும் போடுங்கள், வளைவில் வழுக்கி விழவைப்பது பெரும்பாலும் முன்சக்கரம்தான். அப்புறம் காற்று. டியூப்லெஸ் என்றால் காட்டுக்குள் 30 பிஎஸ்ஐ பக்கம் இறக்கிப் பாருங்கள். டியூப் இருந்தால் அவ்வளவு இறக்காதீர்கள், வேரில் இடித்து ரிம்முக்கு நடுவே நசுங்கி டியூப் கிழிந்துவிடும். ஈர வேர்மேல் மட்டும் எந்த டயரும் வழுக்கத்தான் செய்யும், நேராக ஏறிக் கடந்துவிடுங்கள்.