கல்லறை இல்லாதவர்களின் ஈஸ்டர்

அன்புள்ள ஐயா,

நான் குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், தூத்தூர் பக்கத்து ஊர் ஒன்றைச் சேர்ந்தவள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது என் அண்ணன் ஆழ்கடலில் தூண்டில் தொழிலுக்குப் போயிருந்தான். திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு நவம்பர் 2ஆம் தேதியும் கல்லறைத் திருநாளுக்கு ஊரே பூவும் மெழுகுதிரியுமாகக் கல்லறைத் தோட்டத்தில் நிற்கும். அம்மா மட்டும் மெழுகுதிரியைக் கடற்கரைக்குக் கொண்டுபோவார். காற்றில் அது நிற்காது. மறுபடி மறுபடி பற்றவைத்துக்கொண்டிருப்பார்.

இந்த ஆண்டு ஈஸ்டருக்கு முந்தின இரவு, பாஸ்கா திருவிழிப்பில், பங்குத்தந்தை இயேசுவின் வெறுமையான கல்லறையைப் பற்றி மறையுரை ஆற்றினார். நன்றாகத்தான் பேசினார். வீட்டுக்கு வரும் வழியில் அம்மா, “நமக்கு வெறுமையான கல்லறைகூட இல்லையே மக்களே” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இயேசு மரித்து எழுந்த அந்த உயிர்ப்பு நடந்ததா, ஆறுதலுக்குச் சொல்லப்படுவதா? நடந்தது என்றே வைத்துக்கொண்டாலும், அல்லேலூயா பாடி முடித்துத் திங்கட்கிழமை வேலைக்குப் போகிற எனக்கு அதனால் என்ன? வாரம் முழுக்க நாகர்கோவிலில் வேலை. சனிக்கிழமைகளில் ஊரிலுள்ள விதவைகளுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். ஞாயிறு பூசை. இப்படியே போகிறது. கோபித்துக்கொள்ளாமல் பதில் எழுதுங்கள். பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரி,

கோபித்துக்கொள்ள இதில் என்ன இருக்கிறது? உங்கள் கடிதத்தை மூன்று வாரமாக மேசையிலேயே வைத்திருந்தேன். முதலில் எழுதிய பதில் நான்கு பக்கம் வந்தது. வாசித்துப் பார்த்தால் சுத்தப் பிரசங்கம். கிழித்துப் போட்டுவிட்டேன்.

நான் மார்த்தாண்டம் பக்கத்து மலையோரத்துக்காரன், புராட்டஸ்டண்டு, சி.எஸ்.ஐ. சபை. உங்களுக்குச் சனிக்கிழமை இரவு புது நெருப்பும் பாஸ்கா திரியும் என்றால், எங்களுக்கு ஞாயிறு அதிகாலை நான்கு மணிக்கு மணியடிக்கும். பாதிச் சிரட்டைக்குள் மெழுகுதிரியை நிறுத்தி, காற்றுக்குக் கையால் மறைத்துக்கொண்டு, பாட்டுப் பாடியபடி பவனி போவோம். அது கல்லறைத் தோட்டத்தில் போய் முடியும். அதற்கு முந்தின நாள் சாயங்காலமே என் அம்மா ஒரு வாளியும் விளக்குமாறும் சுண்ணாம்புமாக அங்கே போய்விடுவார். அப்பாவின் கல்லறையைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்ப்பார். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாட்களில் அப்பாவின் முதுகைத் தேய்த்ததுபோலவே இருக்கும் அது.

கல்லூரியில் நாலு புத்தகம் வாசித்த திமிரில் ஒருமுறை கேட்டேன்: அப்பாதான் பரலோகத்தில் இருக்கிறார் என்று சொல்கிறீர்களே, இந்தச் சிமெண்டை எதற்கு இப்படித் தேய்க்க வேண்டும்? அம்மா நிமிரக்கூட இல்லை. “இங்கிருந்துதானே எழும்பி வருவார்” என்றார்.

அப்போது சிரித்துவிட்டேன். கிறிஸ்தவம் மரணத்தைப் பற்றிச் சொல்வதை அதைவிடச் சரியாக எந்த மேடையிலும் நான் பிறகு கேட்கவில்லை. நம் வீடுகளில் யாராவது இறந்தால், “ஆத்துமா ஆண்டவரிடம் போய்விட்டது, அழாதீர்கள்” என்று ஒருவர் வந்து சொல்வார். அந்த ஒருவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். ஆத்துமா மட்டும் போய்ச் சேர்ந்தால் போதும் என்றால் உயிர்ப்புக்கு என்ன தேவை? அழியாத ஆத்துமாவைப் பற்றிக் கிரேக்கர்கள் ஏற்கெனவே விரிவாகப் பேசிவைத்திருந்தார்கள். அதனால்தான் அப்போஸ்தலர் பவுல் ஏதென்ஸில் மரித்தோர் எழுவதைப் பற்றிப் பேசியதும் சிலர் கேலி செய்தார்கள். உடம்பை விட்டுத் தப்பிப்பதுதான் விடுதலை என்று நினைப்பவனிடம் போய், அந்த உடம்பையே கடவுள் திரும்ப எழுப்புவார் என்றால் சிரிக்காமல் என்ன செய்வான்?

உடம்பு முக்கியம் என்று நம்பியவர்கள்தான் உடம்பைத் தேடியும் போயிருக்கிறார்கள். நம் மாவட்டத்திலேயே பாருங்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில், கிறிஸ்தவத்துக்கு மாறிய தேவசகாயத்தைச் சுட்டுக் காட்டில் எறிந்துவிட்டார்கள். விசுவாசிகள் போய், எஞ்சியிருந்த எலும்புகளைப் பொறுக்கியெடுத்து வந்து கோட்டாறு சவேரியார் கோயிலில் பீடத்தருகே அடக்கம் செய்தார்கள். 2022இல் ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்ததை ஊரெல்லாம் கொண்டாடினோம். பொறுக்கப் போனவர்கள் ஆத்துமா போதும் என்று வீட்டில் இருக்கவில்லை. ஆகவே உங்கள் அம்மா மகனின் உடலைக் கேட்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். இறந்துபோன நண்பன் லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே வந்த இயேசு, கல்லறைக்குப் போகும் வழியில் அழுதிருக்கிறார்.

என் அம்மாவுக்குக் கைகாட்ட ஒரு இடம் இருந்தது. உங்கள் அம்மாவுக்கு அது இல்லை. இருவர் விசுவாசமும் ஒன்றுதான். வெளிப்படுத்தின விசேஷம் 20ஆம் அதிகாரத்தில், நியாயத்தீர்ப்புக் காட்சியின் நடுவே, ஒரு வரி உண்டு. எங்கள் வீட்டுப் பழைய மொழிபெயர்ப்பில்: “சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது.” மரணத்தையும் பாதாளத்தையும் சொல்வதற்கு முன்பே கடலைத்தான் சொல்கிறார் யோவான். கல்லறைத் தோட்டத்து மரித்தோருக்கு முன்னால் கடலில் போனவர்களுக்குக் கணக்குக் கேட்கப்படுகிறது. மலையோரத்தில் இந்த வசனத்தை வைத்து யாரும் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை. ஒக்கிக்குப் பிறகுதான் எனக்கே அது கண்ணில் பட்டது. உங்கள் அம்மா மெழுகுதிரியைச் சரியான இடத்துக்குத்தான் கொண்டுபோகிறார்.

நடந்ததா என்ற கேள்விக்கு வருகிறேன். நிரூபித்துக் காட்டுவதாகத் துண்டுப்பிரசுரம் கொடுப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அப்படி ஒன்று என் கையில் இல்லை. ஆனால் நான் கோர்ட்டில் எழுத்தராகவே வேலைபார்த்து ஓய்வு பெற்றவன். சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்த சாட்சியும், கண்டதைச் சொல்லும் சாட்சியும் எப்படிப் பேசும் என்பது காதுக்குப் பழகிப்போன விஷயம். சொல்லிக்கொடுத்த சாட்சிகள் நால்வரும் அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி சொல்வார்கள். சுவிசேஷங்கள் நான்கும் அப்படி இல்லை. யோவானில் மகதலேனா மரியாள் தனியாக வருகிறாள், மத்தேயுவில் இரண்டு பெண்கள், மாற்குவில் மூன்று, லூக்காவில் இன்னும் கூட்டம். ஒருவர் ஒரு தூதனைச் சொல்கிறார், இன்னொருவர் இரண்டு பேர் என்கிறார். மாற்குவின் மிகப் பழைய பிரதிகள், பெண்கள் நடுங்கி ஓடிப்போய் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்ற இடத்திலேயே நின்றுவிடுகின்றன. கட்டிச் சொல்பவன் கதையை அங்கே நிறுத்துவானா?

பெண்கள் வார்த்தைக்கு அவ்வளவாக மதிப்பில்லாத காலம் வேறு. “இவர்களுடைய வார்த்தைகள் அவர்களுக்கு வீண்பேச்சாகத் தோன்றினதினால், அவர்களை நம்பவில்லை” என்று லூக்கா மறைக்காமல் எழுதிவிட்டார். பவுல் கொரிந்தியருக்கு எழுதியது ஏறத்தாழ கி.பி. 55இல். கேபா என்ற பேதுரு, பன்னிருவர், ஐந்நூறு பேருக்கு மேல், யாக்கோபு என்று கண்டவர்களின் பட்டியல் ஒன்று அதில் இருக்கிறது. பெண்கள் பெயர் இல்லை. எங்கள் சபைக் கமிட்டி மினிட்ஸ் புத்தகம் மாதிரிதான்: விருந்து முழுக்கச் சமைத்தது பெண்கள், நன்றி தெரிவித்தது செயலாளருக்கு. மகதலேனா மரியாளின் நாளை மற்ற அப்போஸ்தலர்களின் திருநாளுக்குச் சமமாக உயர்த்த உங்கள் சபைக்கு 2016 வரை ஆனது. எங்கள் சபையைப் பற்றி நான் பேசாமல் இருப்பது நல்லது.

இவ்வளவும் சேர்ந்து ஒரு தீர்ப்பு ஆகாது. பொய்சாட்சி என்று தள்ளிவிட முடியாத சாட்சி என்று மட்டும் சொல்வேன். அதன் பிறகு நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. நானும் சில வருடம் நம்பாமல் இருந்து பார்த்தவன்தான்.

இனி உங்கள் திங்கட்கிழமை. அதற்கு முன் சனிக்கிழமையைப் பேச வேண்டும். கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், விதவைகளுக்கு மனு எழுதிக் கொடுப்பதாக. நான் அந்த மனுக்களை மறுபக்கத்திலிருந்து பார்த்தவன். ஒருவரைப் பற்றி 7 ஆண்டுகள் தகவல் இல்லாவிட்டால்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது பொதுச் சட்டம். ‘காணாமற்போனவர்’ என்ற சொல்லுக்கும் ‘இறந்தவர்’ என்ற சொல்லுக்கும் நடுவில் பெண்கள் பிளாஸ்டிக் உறைக்குள் ரேஷன் கார்டையும் புருஷனின் போட்டோவையும் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்கள். சிலுவைப்பாதையின் 14ஆம் நிலை அடக்கத்தோடு முடிந்துவிடுகிறது. பெரிய வெள்ளிக்கு நம் கோயில்களில் நிற்க இடம் இருக்காது. அடுத்த நாளான பெரிய சனியை, இயேசு கல்லறைக்குள் கிடந்த அந்த நாளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. இந்தப் பெண்கள் வருடக்கணக்காக அந்த ஒரு நாளுக்குள்ளேயே இருக்கிறார்கள். நீங்களும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கேதான் பேனாவோடு போய் உட்காருகிறீர்கள்.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரத்தை நம் அடக்க ஆராதனைகளில் எல்லாரும் கேட்டிருப்போம். 58 வசனங்கள். எக்காளம் தொனிக்கிறது, மரணமே உன் கூர் எங்கே என்கிறார் பவுல். அந்த அதிகாரம் முழுக்க அவர் போராடுவது ஒரே கேள்வியோடு: எல்லாம் விருதாவா, வீண்தானா? கிறிஸ்து எழவில்லை என்றால் எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா என்கிறார். கடைசி வசனத்தில், நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராது என்று முடிக்கிறார். மூச்சுவிடாமல் அடுத்த வரியில் எதற்குப் போகிறார் தெரியுமா? காணிக்கைக்கு. எருசலேமில் உள்ள ஏழை விசுவாசிகளுக்காகப் பணம் சேர்ப்பது பற்றி. வாரத்தின் முதல் நாள்தோறும் அவனவன் வரவுக்குத் தக்கபடி எடுத்துவை, நான் வந்த பிறகு வசூல் என்று இழுக்காதே என்று கணக்குப்பிள்ளைபோலப் பேசுகிறார்.

அதிகாரம், வசனம் என்ற பிரிவெல்லாம் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு வந்தது. பவுல் எழுதியபோது எக்காளத்துக்கும் காணிக்கைக்கும் நடுவில் கோடு இல்லை. நாம்தான் 15ஐ அடக்க ஆராதனைக்கும் 16ஐப் பொருளாளருக்குமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டோம். செத்த உடம்பையே கடவுள் கைவிட மாட்டார் என்றால், உயிரோடு பசித்திருக்கும் உடம்பை நீ எப்படி விடுவாய் என்பதுதான் அவர் கணக்கு. உயிர்ப்பினால் எனக்கு என்ன என்று நீங்கள் கேட்கும்போது, அந்த மனுக்கள் உங்கள் மடியில் இருக்கின்றன.

உயிர்த்தெழுந்தவர் என்ன செய்தார் என்று பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது. யோவான் 21. ராத்திரி முழுக்க வலையில் ஒன்றும் படவில்லை. விடியற்காலம் கரையில் ஒருவர் நின்று, சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார். இவர்கள் கரைக்கு வந்து பார்த்தால் கரிநெருப்புப் போட்டு, அதன்மேல் மீன் வைத்து, அப்பமும் எடுத்துவைத்திருக்கிறார். சாவை ஜெயித்து வந்தவர் களைத்து வந்த தொழிலாளிகளுக்குக் காலைச் சாப்பாடு செய்துகொண்டிருக்கிறார். வலையில் கிடைத்த மீன் 153. இந்த எண்ணுக்குப் பண்டிதர்கள் என்னென்னவோ மறைபொருள் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் ஊர்க் கரையில் ஒருநாள் நின்றிருந்தால் பாதிப் புத்தகத்தை எழுதாமல் இருந்திருப்பார்கள். பங்கு பிரிக்க வேண்டாமா? எண்ணித்தானே ஆக வேண்டும்?

அவர் கைகளில் ஆணித் தழும்பு அப்போதும் இருந்தது. தோமாவிடம் அதைத்தான் காட்டினார். அந்தத் தோமாதான் திருவிதாங்கோட்டுக்கு வந்து அரப்பள்ளி என்ற தேவாலயத்தைக் கட்டியதாக நம் ஊரில் சொல்கிறோம். சந்தேகப்பட்டவரை நம் மாவட்டம் அப்படிச் சொந்தம் கொண்டாடுகிறது, நீங்கள் ஏன் சந்தேகப்பட்டதற்குக் கூச்சப்படுகிறீர்கள்? உங்கள் அம்மாவின் காயத்தை ஆற்றி ஒன்றும் நடக்காததுபோல ஆக்கிவிடும் ஈஸ்டர் எதுவும் வேதத்தில் இல்லை. அதை அவரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

இன்னொன்று. எனக்குப் பல நாளாகத் தீராத சந்தேகம். அதே வெளிப்படுத்தின விசேஷம் அடுத்த அதிகாரத்தில், புதிய வானமும் புதிய பூமியும் வரும்போது “சமுத்திரமும் இல்லாமற்போயிற்று” என்கிறது. மலையோரத்துக்காரனாகிய எனக்கு அதில் சிரமம் எதுவும் இல்லை. தூண்டிலோடு ஆழ்கடலுக்குப் போன உங்கள் அண்ணன் அங்கே என்ன செய்வார்? அம்மாவிடம் நான் கேட்டதாகக் கேட்டு, அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள்.

அன்புடன்.