5000 வாட்ஸும் ஒரு கும்கியும்

கேள்வி: வீட்டில் பாட்டுக் கேட்க ஸ்பீக்கர் செட் வாங்கப் போனேன். '5000 வாட்ஸ்' என்று ஒன்றைப் போட்டுக் காட்டினார் கடைக்காரர். பேஸ் (அடித்தொனி) நெஞ்சில் இடித்தது. வாங்கிவிடலாமா? ஒலியில் முக்கியமாக எதைப் பார்க்க வேண்டும்?
– ஒரு வாசகர், பவானி

பதில்: அந்த செட்டின் பிளக்கைப் பார்த்தீர்களா? 5 ஆம்பியர் பிளக்காக இருந்திருக்கும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பெருக்கிப் பாருங்கள், 1150 வாட்ஸ். தொடர்ந்து அதற்கு மேல் அந்தப் பிளக் தாங்காது. மீதி 3850 வாட்ஸ் அட்டைப்பெட்டியிலிருந்து வருகிறது போலும்! 'பி.எம்.பி.ஓ.' (ஒரு கண நேர உச்சம்) என்று போட்டிருந்தால் அந்த எண்ணை மறந்துவிட்டு, 'ஆர்.எம்.எஸ்.' (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) எவ்வளவு என்று கேளுங்கள். சாதாரண ஹாலுக்கு, ஒரு பக்க ஸ்பீக்கருக்கு 30 வாட்ஸ் தாராளம். வாட்ஸை இரண்டு மடங்காக்கினாலும் கூடுவது 3 டெசிபல் (சத்தத்தின் அளவு) தான். 'கொஞ்சம் சத்தம் கூட்டி வைத்திருக்கிறார்கள்' என்று தோன்றும், அவ்வளவே.

முதலில் பார்க்க வேண்டியது குரல். பாட்டுகூட வேண்டாம், ரேடியோவில் ஒருவர் செய்தி வாசிப்பது போதும். குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறதா? மூக்கடைத்த மாதிரியா? 'ஸ', 'ஷ' எல்லாம் சீறுகிறதா? அப்படியென்றால் எழுந்து வந்துவிடுங்கள். மனிதக் குரலைப் பிறந்ததிலிருந்து கேட்டுவருகிறோம், அதில் காதை ஏமாற்றுவது கஷ்டம். பேஸில் ஏமாற்றுவது சுலபம். கடைக்காரருக்கு இது தெரியும்.

நெஞ்சில் இடிப்பதை நான் நல்ல பேஸ் என்று சொல்ல மாட்டேன். ஒரு மிருதங்கத் தனியாவர்த்தனம் போடச் சொல்லுங்கள். தொப்பியில், அதாவது இடது பக்கத்தில், கையை அழுத்தி வாசிக்கும் கும்கி என்கிற நாதம் வளைந்து நெளிந்து போகும். சுமாரான சப்வூஃபரில் (பேஸுக்கென்றே உள்ள பெட்டி) அந்த வளைவெல்லாம் போய், எல்லாம் ஒரே 'தொம்'மாக விழும். கை நின்ற பிறகும் பெட்டி முனகும். வலது பக்கமான வலந்தலையின் நாதம் வேறு சமாசாரம். சாதாரண மேளத்தில் இல்லாத ஸ்வர இசைவு மிருதங்கத்தில் இருப்பதை சி.வி.ராமன் 1920-லேயே எழுதிவிட்டார். நடுவில் அப்பியிருக்கும் கருப்பு வட்டத்தின் வேலை அது. அதைப் பிளாஸ்டிக் டப்பா தட்டுகிற சத்தமாக்கும் ஸ்பீக்கருக்கு எதற்குக் காசு?

இன்னொன்று. இரண்டு செட்டை ஒப்பிட்டால் இரண்டும் ஒரே சத்தத்தில் ஓட வேண்டும். துளி சத்தம் கூடுதலாக இருப்பதுதான் நல்லதென்று காது நினைத்துக்கொள்ளும். விற்க வேண்டிய செட்டைத் துளி கூட்டி வைப்பது பழைய வித்தை.

சரி, நல்லதாகவே வாங்கிவிட்டீர்கள். வீட்டில் கொண்டுபோய் மூலையில் திணிக்காதீர்கள், பேஸ் வீங்கிக்கொள்ளும். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் என்றால் பாட்டு வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று எதிரொலித்துக் கலங்கும். ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு ஜமக்காளத்தை மடித்து விரியுங்கள். உங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்?