அப்பா யாரோடும் பேசுவதில்லை: மனச்சோர்வா, காதா?

கேள்வி: என் அப்பாவுக்கு 74 வயது. ஒரு வருடமாக டீக்கடை, கல்யாண வீடு எங்கும் போவதில்லை. போன் வந்தால் அம்மாவிடம் நீட்டிவிடுகிறார். மெதுவாகப் பேசினால் கேட்கவில்லை; சத்தமாகப் பேசினால் 'ஏன் கத்துற?' என்கிறார். போன வருடம் வாங்கிய காது மெஷின் பீரோவில் கிடக்கிறது. இது மனச்சோர்வா?

பதில்: இருக்கலாம். ஆனால் அவர் விலகிய மூன்றையும் பாருங்கள். டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் இரைச்சல். போனில் உதட்டசைவு தெரியாது. மூன்றுமே காதுக்குக் கஷ்டமானவை. அதனால் காதிலிருந்து தொடங்குவோம்.

வயதாகும்போது கீச்சென்ற மேல் ஒலிகள்தான் முதலில் போகும். ஆ, ஓ எல்லாம் நன்றாகவே விழும்; க, ச, ப இவற்றைப் பிரித்துக் காட்டும் மெல்லிய ஒலி விழாது. நீங்கள் சொன்னது பல்லா கல்லா என்று அவர் ஊகிக்க வேண்டும். நாள் முழுக்க இப்படி ஊகித்தே பேச்சைப் பிடிப்பது பெரிய உழைப்பு. தப்பாகப் பதில் சொல்லி, நாலு பேர் சிரித்தும் இருந்தால், போகாமல் இருப்பதே நிம்மதி என்று தோன்றிவிடும். தனிமை அப்படித்தான் வருகிறது. தயவுசெய்து இதைப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள்.

கத்துவதும் உதவாது. கத்தும்போது ஆ, ஓ தான் இன்னும் பெரிதாகிறது. உள்காது பழுதானால் சின்னச் சத்தம் கேட்காது, பெரிய சத்தமோ வலிக்கும். அவர் கோபம் அதனால்தான். டிவியை நிறுத்துங்கள், முகம் தெரிய எதிரே உட்காருங்கள், சாதாரணக் குரலில் கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தையே திருப்பாமல் வேறு சொல்லில் சொல்லுங்கள். 'ஒண்ணுமில்ல, விடுங்க' என்று மட்டும் சொல்லாதீர்கள். அது ரொம்ப வலிக்கும்.

அப்புறம் அந்த மெஷின். கண்ணாடி மாதிரி போட்டவுடன் தெளிவு வராது. முதலில் காது மருத்துவர் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்க்கட்டும். பிறகு ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) புதிதாக ஆடியோகிராம், அதாவது எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம், எடுத்து, அதற்கேற்ப மெஷினைச் சரிசெய்ய வேண்டும். வீட்டில் அமைதியான நேரத்தில் தினம் ஒரு மணி நேரம் தொடங்கி, மெல்லக் கூட்டுங்கள். மூளை பழகச் சில வாரங்கள், சிலருக்கு மாதங்கள் பிடிக்கும்.

மெஷின் போட்டால் மறதி நோய் வராது என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, 70 முதல் 84 வயதுக்குட்பட்ட 977 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தது. மெஷின் கொடுக்கப்பட்டவர்களுக்கும் கொடுக்கப்படாதவர்களுக்கும் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை; ஆபத்து ஏற்கெனவே அதிகமாக இருந்தவர்களிடம்தான் அறிவாற்றல் சரிவின் வேகம் பாதியளவு குறைந்தது.

தூக்கம், பசி குறைந்து, எதிலும் ஆர்வமில்லாமல், 'இருந்து என்ன பயன்' என்று பேசினால் காதுக்காகக் காத்திருக்காதீர்கள். உடனே மனநல மருத்துவரிடம் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலும் இலவசமாகப் பேசலாம். மருத்துவரிடம் போகும்போது மெஷின் அவர் காதில் இருக்கட்டும். கேள்வியே காதில் விழாதவர் சொல்லும் பதிலை ஞாபகமறதி என்று எழுதிவிடுவதும் நடக்கிறது.