சமாச்ரயணம் ஆகாமல் திருப்பாவை சொல்லலாமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் ஆசிரியையாக இருக்கிறேன். பரம்பரைக் கிறிஸ்தவக் குடும்பம். ஆறு வருடங்களாக மார்கழியில் திருப்பாவை சொல்கிறேன். ஏகாதசி இருக்கிறேன், புலால் உண்பதை விட்டுவிட்டேன். ஞாயிறு ஆராதனையையும் அப்பமும் திராட்சை இரசமும் பெறும், மாதம் ஒருமுறை வரும் திருவிருந்தையும் விட்டதில்லை, விடவும் மாட்டேன். அறிமுகமான ஒருவர், "சமாச்ரயணம் ஆகாமல் நீங்கள் செய்வது எதுவும் பலிக்காது. பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுங்கள், ஏற்பாடு செய்து சான்றிதழும் வாங்கித் தருகிறேன்" என்கிறார். நான் மதம் மாறித்தான் ஆக வேண்டுமா? கோவிலுக்குள் விடுவார்களா? ஏகாதசியன்று திருவிருந்து வந்தால் என்ன செய்வது?

பதில்: மாற வேண்டாம் அம்மா. பன்னிரண்டாயிரமும் கொடுக்க வேண்டாம்.

சமாச்ரயணம் என்பதை அந்த மனிதர் ஏதோ உறுப்பினர் அட்டை போலச் சொல்லியிருக்கிறார். அது ஆசார்யனிடம், அதாவது குருவிடம், வைணவ தீட்சை பெறும் சடங்கு. பஞ்ச சம்ஸ்காரம் என்பதும் அதுதான். ஆசார்யன் சங்கையும் சக்கரத்தையும் தீயில் காய்ச்சித் தோள்களில் ஒற்றுவார். திருமண் இடுவது, அடியார் என்று பெயர் சூட்டும் தாஸ்ய நாமம், மந்திர உபதேசம், திருவாராதன முறை ஆகியவை மற்ற நான்கு. தோளில் படும் சூடு ஒரு நொடியில் போய்விடும். அதன் பிறகு வருவதுதான் கடினம். "மறந்தும் புறந்தொழா மாந்தர்" என்று திருமழிசையாழ்வார் சொன்னாரே, மறந்தும் வேறு தெய்வத்தைத் தொழாத அந்தக் கூட்டத்தில் சேர்கிறீர்கள். சிவன் கோவில் பக்கமே திரும்பாமல் ஆயுளைக் கழித்த வைணவக் கிழவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்களோ ஞாயிறு ஆராதனையை விடமாட்டேன் என்கிறீர்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரே வாயால் இரண்டு இடத்திலும் "நீயே கதி" என்று சொன்னால், பெருமாளிடமும் பொய், உங்கள் கர்த்தரிடமும் பொய். ஆகவே சமாச்ரயணம் உங்களுக்கு இல்லை. இதை உங்களிடம் வெளிப்படையாகச் சொல்லாமல் பணம் கேட்கிறவர் ஆசார்யனின் ஆளாக இருக்க முடியாது.

இந்தத் தரகர்கள் பெருகிவிட்டார்கள். ஆசார்யனுக்குக் கொடுப்பது சம்பாவனை. சேவித்த பிறகு, அவரவர் சக்திக்கு ஏற்ப, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைப்பது. ராமானுஜர் திருக்கோஷ்டியூரில் கோபுரம் ஏறி மந்திரத்தை ஊருக்கெல்லாம் சொன்னார் என்று சொல்லிப் பெருமைப்படும் சம்பிரதாயத்தில் முன்பணம், மீதிப்பணம், போக்குவரத்து தனி என்று பேரம் நடக்கிறது. துளசி மணி என்று ஏதோ ஒரு மரத்தைக் கடைந்து விற்பவர்களும் இவர்களோடுதான் சுற்றுகிறார்கள். மடங்கள் வாசலில் ஒரு பலகை வைத்து, "எங்களுக்கு முகவர்கள் கிடையாது" என்று எழுதினால் பாதித் தொல்லை ஒழியும். யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்று நீதிமன்றம் வரை போக நேரம் இருக்கிறது, இதற்கு இல்லை.

சான்றிதழ் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கூடுதல் கவலை வந்தது. திருப்பாவை சொல்வதாலோ ஏகாதசி இருப்பதாலோ எந்தப் பதிவேட்டிலும் உங்கள் மதம் மாறாது. விரும்பிய வழிபாட்டைச் செய்ய அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு போதும், அதற்குக் காகிதம் தேவையில்லை. மாறாக, "இன்னார் இந்து ஆனார்" என்று ஒரு தாளை வாங்கி வைத்துக்கொண்டு தேவாலயத்துக்கும் போய்க்கொண்டிருந்தால் அது எங்கே போய் முடியும் என்பதற்கு வழக்கே இருக்கிறது. ஞானஸ்நானம் பெற்று ஆராதனைக்கும் சென்றுவந்த ஒரு புதுச்சேரிப் பெண், தாம் இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். உண்மையான நம்பிக்கை இல்லாமல் இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறுவது அரசியல் சாசனத்தின் மீதே செய்யும் மோசடி என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்களுக்கு அந்த நோக்கமே கிடையாது. தாள் கையில் இருந்தால் யார் அதை நம்புவார்கள்?

சரி, எதைச் செய்யலாம்? நீங்கள் செய்துகொண்டிருப்பதையே செய்யலாம். எட்டெழுத்து மந்திரத்தை மட்டும் ஜபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அதற்கு உபதேசம் வேண்டும். கோவிந்தா, நாராயணா, மாதவா என்ற திருநாமங்களுக்கு யார் அனுமதியும் தேவையில்லை. திருப்பாவைக்கும் அப்படியே. இரண்டாம் பாசுரத்தை எடுத்துப் பாருங்கள். "வையத்து வாழ்வீர்காள்" என்று தொடங்குகிறது. வையத்தில் பாளையங்கோட்டையும் அடக்கம். நீங்கள் கேட்கும் ஒழுக்க முறையும் அந்த எட்டு வரிகளிலேயே இருக்கிறது. நெய்யும் பாலும் உண்ணோம், மையிட்டு எழுதோம் என்பவை நோன்புக் காலத்துக்கு. "தீக்குறளை சென்று ஓதோம்" என்பது வருடம் முழுவதற்கும். ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் போய்க் கோள் சொல்லாமல் ஆசிரியர் ஓய்வறையில் ஒரு மாதம் இருந்து பாருங்கள், புலாலை விட்டது சுலபம் என்று தெரியும். அடுத்து "ஐயமும் பிச்சையும்", அதாவது கையில் உள்ளதைக் கொடுப்பது. அடியார்களைப் பிறப்பை வைத்து எடைபோடாமல் இருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்களவர் பலருக்கே இன்னும் அது பழகவில்லை.

வீட்டில் மற்றவர்கள் கிறிஸ்துமஸுக்குப் பிரியாணி செய்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தட்டு மட்டும்தான் உங்கள் நோன்பு.

இப்போது திருவிருந்து. முப்பது வருடமாகப் பிரபந்த வகுப்பு எடுக்கிறேன், இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. இரண்டு நாள் யோசித்தேன். ஏகாதசியில் தானியம் ஆகாது என்பது கண்டிப்பான விதி. அப்பம் கோதுமை, ஆகவே தானியம். ஆனால் நம் ஊர் நடைமுறையைப் பாருங்கள். அரிசிச் சோறு ஆகாது என்று சொல்லிவிட்டு, பலகாரம் என்ற பெயரில் ரவை உப்புமாவை இரண்டு தட்டு சாப்பிடுகிறோம். விரல்நுனி அளவு அப்பத்தைக் குறைசொல்ல எங்களுக்கு வாய் கிடையாது. சரி, நீங்கள் கண்டிப்பாக இருப்பவர், உப்புமாவும் தொடமாட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் திருவிருந்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. ஏகாதசி விலக்குவது உணவை. உங்கள் சபை அந்த அப்பத்தை உணவாக நினைத்துக் கொடுப்பதில்லை, நீங்களும் பசிக்கு வாங்குவதில்லை. எங்களிடமே இதற்கு ஒரு துணை இருக்கிறது. பூரியில் ஜகந்நாதரின் மகாபிரசாதச் சோற்றை ஏகாதசியன்றும் உண்கிறார்கள். அங்கே ஏகாதசியைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று ஒரு கதையே சொல்வார்கள். திராட்சை இரசமும் அப்படியே, ஒரு வாய்க்கு மது விலக்கைக் கொண்டுவந்து குறுக்கே நிறுத்த வேண்டாம். ஒன்றே ஒன்று: திருவிருந்தும் எங்கள் தீர்த்தப் பிரசாதமும் ஒன்றுதான் என்று உங்கள் ஆயரிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டு பக்கமும் கோபித்துக்கொள்ளும். மற்றபடி மறுநாள் துவாதசியில் அகத்திக்கீரை, நெல்லிக்காயோடு பாரணை செய்து நோன்பை முடியுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர் என்றால் மருத்துவரைக் கேட்காமல் முழு உபவாசம் வேண்டாம்.

கோவில் விஷயம் எரிச்சல் தருவது. பல கோவில்களில் பிற மதத்தவர் கொடிமரத்தோடு நிற்க வேண்டும் என்ற பலகை உண்டு. 2024 ஜனவரியில் பழனி கோவில் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, அந்தத் தெய்வத்தில் நம்பிக்கை உண்டு, கோவில் வழக்கங்களைப் பின்பற்றுவேன் என்று எழுதிக் கொடுக்கும் பிற மதத்தவரை அனுமதிக்கலாம், அதைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்றது. பதிவேடு எங்கே என்று கேட்டால் அலுவலர் இன்னோர் அலுவலரைக் காட்டுவார். திருமலையில் உறுதிமொழிப் படிவம் உண்டு. அப்துல் கலாமும் அதில் கையெழுத்திட்டார், அதனால் அவர் மதம் மாறிவிடவில்லை. படித்துப் பார்த்து மனம் ஒப்பினால் கையெழுத்திடுங்கள். ஒப்பாவிட்டால் நம்மாழ்வாரின் ஊரான ஆழ்வார்திருநகரிக்குப் போய்க் கொடிமரத்தடியில் நின்று சேவியுங்கள். அவருடைய திருவாய்மொழியை அங்கே நின்றும் சொல்லலாம்.

"அவரவர் தமதமது அறிவறி வகைவகை" என்ற திருவாய்மொழிப் பாசுரத்தை மேடையில் எடுத்துக்காட்டி, எல்லா மதமும் ஒன்றே என்று ஆழ்வார் சொல்லிவிட்டார் என்பவர்களை நம்ப வேண்டாம். உரைகாரர்கள் அப்படிச் சொல்லவில்லை. அவரவர் தொழும் தெய்வங்களுக்கு உள்ளே நின்று பலன் தருபவன் திருமாலே என்பதுதான் அவர்கள் கண்ட பொருள். இது உங்களுக்கு உவப்பாக இருக்காது. ஆனால் இந்த வீட்டில் உங்களுக்கு இடம் இருக்கிறது, எந்தத் திண்ணையில் என்பது தெரிந்து உட்காருங்கள். உங்கள் பக்கத்து ஊர்க்காரர், கரையிருப்பில் 1827-இல் வைணவராகப் பிறந்த கவிஞர் எச். ஏ. கிருஷ்ணப் பிள்ளை, 1858-இல் கிறிஸ்தவரானார். ஆழ்வார் தமிழைப் பழைய வீட்டிலேயே விட்டுவிட்டா போனார்? அவர் பாடல்களைச் சபையில் பாடியிருப்பீர்கள். ஆயர் ஏதாவது கேட்டால் அவர் பெயரைச் சொல்லுங்கள்.

அந்த மனிதரிடம் முன்பணம் ஏதும் கொடுத்துவிட்டீர்களா என்று எழுதவில்லை. கொடுத்திருந்தால் எந்த மடம், எந்த ஆசார்யன், எந்தத் தேதி என்று எழுத்தில் கேளுங்கள். பிறகு அந்த மடத்துக்கு நீங்களே தொலைபேசியில் பேசுங்கள். அவரை வைத்துக்கொண்டே பேசினால் இன்னும் நல்லது.