பெற்றோல் செலவைக் குறைக்க ஹைபிரிட் கார் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். எனக்குக் கோட்டையில் வேலை. எங்களிடம் 2012ஆம் ஆண்டு டொயோட்டா விட்ஸ் கார் ஒன்று இருக்கிறது, 1000 சிசி, ஓட்டோ கியர். லீசிங் எல்லாம் கட்டி முடித்துவிட்டோம். மாதம் சுமார் 1,000 கிலோமீற்றர் ஓடுகிறேன், பெற்றோலுக்கு 30,000 ரூபாய் போகிறது. லீற்றருக்கு 10 கிலோமீற்றர்தான் வருகிறது. வாரத்தில் ஐந்து நாள் மாலையில் மகளின் டியூஷன் வகுப்புக்கு வெளியே அரை மணித்தியாலம் காத்திருப்பேன். வெக்கைக்கு ஏசியைப் போட்டுக்கொண்டு காருக்குள்ளேயே இருப்பேன். இதை விற்றுவிட்டு ஹைபிரிட் எடுக்கலாம் என்கிறார் கணவர். விற்கிற காசு போக இன்னும் 25 லட்சம் வேண்டும். 5 வருட லீசிங்குக்கு மாதம் 58,000 ரூபாய் என்று விலை சொல்லியிருக்கிறார்கள். கிரெடிட் கார்டிலும் 90,000 ரூபாய் நிலுவை இருக்கிறது. என்ன செய்வது?
— வாசகி, கொழும்பு 6

பதில்: சகோதரி, இப்போதைக்கு அந்த லீசிங்கில் கையெழுத்து வைக்காதீர்கள். காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன்.

விலை மாதாமாதம் மாறுவதால் லீற்றர் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு இப்போது மாதம் 100 லீற்றர் போகிறது. பெற்றோலோடு பற்றரியின் உதவியாலும் ஓடும் ஹைபிரிட் லீற்றருக்கு 18 கிலோமீற்றர் தருகிறது என்றால் 56 லீற்றர் போதும். மிச்சம் 44 லீற்றர், அதாவது 13,000 ரூபாய் சொச்சம். இந்த 13,000 ரூபாயை மிச்சம் பிடிக்க மாதம் 58,000 ரூபாய் கட்டப் போகிறீர்கள். 5 வருடத்தில் 34 லட்சத்து 80 ஆயிரம். அதில் 9 லட்சத்து 80 ஆயிரம் வட்டி மட்டும். லீசிங்கில் இருக்கும் வாகனத்துக்கு முழுக் காப்புறுதியும் எடுக்க வேண்டும். பழைய ஹைபிரிட் என்றால் பெரிய பற்றரியை எப்போது மாற்ற வேண்டி வருமோ என்ற யோசனையும் கூடவே வரும். கார் பழசாகி அடிக்கடி கராஜில் நிற்கிறது என்றால் அது வேறு பேச்சு. பெற்றோலை மட்டும் காரணம் காட்டி இந்தக் கடனை எடுக்க முடியாது.

சரி, 30,000 ரூபாயை எப்படிக் குறைப்பது? உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த டியூஷன் அரை மணித்தியாலம்தான். நின்றபடி ஏசியோடு ஓடும் சின்ன எஞ்சின்கூட மணித்தியாலத்துக்கு முக்கால் லீற்றருக்கும் ஒரு லீற்றருக்கும் இடையில் குடிக்கும். மாதம் 20 நாள் என்றால் 10 மணித்தியாலம். 8 லீற்றர் என்றே வைத்துக்கொண்டாலும் 2,400 ரூபாய், ஒரு அடிகூட நகராமல். வெக்கை எனக்குத் தெரியாததல்ல. கொழும்பில் பின்னேரம் நாலு மணிக்கு மூடிய காருக்குள் ஐந்து நிமிடம் இருக்க முடியாது. அதனால் காருக்குள் இருக்க வேண்டாம். நிழல் பார்த்து நிறுத்தி, எஞ்சினை நிற்பாட்டி, இறங்கிக் கொஞ்சம் நடவுங்கள். இல்லையென்றால் வகுப்பு முடிகிற நேரத்துக்குப் போய்ச் சேருங்கள். திரும்ப ஸ்டார்ட் பண்ணப் பெற்றோல் கூடப் போகும் என்பது பழைய கதை. இன்றைய எஞ்சின்களில் 10 விநாடிக்கு மேல் சும்மா ஓட விடுவதுதான் கூடிய செலவு. அதற்காக ஒவ்வொரு சிக்னலிலும் நிற்பாட்டச் சொல்லவில்லை. உங்கள் காரில் அதற்கென்றே உள்ள தானியங்கி வசதி இல்லாவிட்டால் ஸ்டார்ட்டரும் பற்றரியும் பாடுபடும்.

அடுத்தது உங்கள் வலது கால். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது கார்களுக்கு வாரம் 20 லீற்றர்தான் கொடுத்தார்கள். அந்த வரிசைகளை யார் மறப்பார்கள்? அந்த ஜூன் மாதக் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். 20 லீற்றருக்குள் ஒரு வாரத்தை ஓட்ட வேண்டும் என்ற கட்டாயத்தில்தான் நானும் கால் எங்கே இருக்கிறது என்று கவனிக்கத் தொடங்கினேன். ஒருநாள் பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை எத்தனை தரம் பிரேக் பிடிக்கிறேன் என்று எண்ணிக்கொண்டே வந்தேன். 41 தரம். அதில் பாதி தேவையே இல்லாதது. முன்னால் 200 மீற்றரில் சிவப்பு லைற் தெரிகிறது, நானோ அதுவரை அமத்திக்கொண்டு போய், கிட்டப் போனதும் பிரேக்கில் ஏறி நிற்கிறேன். காரை வேகமாக்கச் செலவழித்த பெற்றோல் அவ்வளவும் பிரேக்கில் சூடாகிப் போய்விடுகிறது. நெரிசலில் லீற்றருக்கு 10 கிலோமீற்றர் வருவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முன்னால் போகிற காரின் பின்பக்கத்தை மட்டும் பார்க்காமல் அதற்கும் அப்பால், அடுத்த சிக்னல், ஓரம் கட்டும் பஸ், திரும்பப் போகிற முச்சக்கர வண்டி எல்லாவற்றையும் பாருங்கள். நிற்க வேண்டி வரும் என்று தெரிந்ததும் அக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். கியர் டி-யிலேயே இருக்கட்டும். உங்களுடையதைப் போன்ற இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் கார் கியரில் இருக்க, வேகத்தில் போகும்போது காலை எடுத்தால் பெற்றோல் போவதே நின்றுவிடும். வேகம் நன்றாகக் குறைந்த பிறகுதான் மறுபடி போகத் தொடங்கும். நியூட்ரலில் உருட்டினால் மிச்சம் என்று சொல்லித் தருபவர்களை நம்பாதீர்கள். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெற்றோல் குடித்துக்கொண்டே இருக்கும், காரின் பிடியும் குறையும். ஓட்டோ கியருக்கும் அது நல்லதல்ல.

கிளம்பும்போதும் அப்படித்தான். பச்சை விழுந்தவுடன் பாய வேண்டாம். முன்காரோடு இடைவெளி விட்டு மெதுவாக எடுங்கள். அந்த இடைவெளிக்குள் ஒரு ஓட்டோ புகுந்துவிடும், கொழும்பில் அதைத் தவிர்க்க முடியாது. புகட்டும். ஒரு ஓட்டோவை முந்துவதால் கோட்டைக்கு அரை நிமிடம்கூட முன்னால் போகப் போவதில்லை. காலையில் 15 நிமிடம் முந்திக் கிளம்ப முடிந்தால் அதுவே பெரிய மிச்சம். காலி வீதியில் பஸ் நிற்கும் இடமெல்லாம் நிற்பதைவிட, கடலோர மரைன் டிரைவ் வீதியில் நெரிசல் குறைந்த நேரத்தில் அதைப் பிடியுங்கள்.

அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கின்படி, பாய்ந்து பாய்ந்து ஓட்டுவதால் நின்று நின்று போகும் நெரிசலில் 10 முதல் 40 வீதம் வரை வீணாகலாம். நான் உங்களுக்குக் குறைந்த அளவான 10 வீதத்தை மட்டும் எடுக்கிறேன். டியூஷன் வாசலில் 8 லீற்றர் போக மீதி 92. அதில் 9 லீற்றர் குறைந்தால் 83. லீற்றருக்கு 12 கிலோமீற்றர் வந்துவிட்டது. மாதம் 5,000 ரூபாய் கையில்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். ரயர் காற்றைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, கார் அதிகம் ஓடாமல் ரயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். எவ்வளவு என்பது சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். டிக்கியில் கிடக்கும் பழைய சாமான்களை இறக்கிவிடுங்கள், 45 கிலோவுக்கு ஒரு வீதம் அளவில்தான் வித்தியாசம், ஆனாலும் சும்மா சுமப்பானேன். 95 ஒக்டேன் அடித்தால் கூட ஓடும் என்று நினைத்து இடைக்கிடை அடிக்கிறீர்களா? ஜப்பானில் சாதாரண பெற்றோலே 90 ஒக்டேன் அளவில்தான். அதற்காகச் செய்த கார் உங்களுடையது, 92 தாராளமாகப் போதும். ஞாயிறுகளில் அதிவேகப் பாதையில் போவதானால் 100இல் பறக்காமல் 80இல் போய்ப் பாருங்கள், பெற்றோல் ஊசி இறங்குவது மெதுவாகும்.

பள்ளிக்கூட விடுமுறை நாட்களில் வெள்ளவத்தை ஸ்டேஷனில் ரயில் ஏறுவதையும் யோசியுங்கள். கோட்டை வரை கடலோரமாகவே போய்விடலாம், ட்ராஃபிக் கிடையாது.

இதெல்லாம் நடக்கிறதா என்று எப்படித் தெரியும்? ஒரு சின்னக் கொப்பி வாங்கிக் காருக்குள் வையுங்கள். ஒரே பெற்றோல் செட்டில், பம்ப் தானாக நிற்கும் வரை ஃபுல் டேங்க் அடித்து, ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்குங்கள். அடுத்த தரம் அதேபோல ஃபுல்லாக்கும்போது, ஓடிய கிலோமீற்றரை அடித்த லீற்றரால் வகுத்து எழுதுங்கள். 2,000 ரூபாய்க்கு, 3,000 ரூபாய்க்கு என்று அடித்தால் இந்தக் கணக்கே வராது. முதல் இரண்டு தரம் இப்போது ஓட்டுகிறபடியே ஓட்டி எழுதுங்கள். அதற்குப் பிறகு பழக்கத்தை மாற்றுங்கள். என் 2022 கொப்பியில் முதல் பக்கத்தில் 9.6 என்று இருக்கிறது, இரண்டு மாதம் கழித்து 11.8. அதே கார், அதே ரோட்டு.

மிச்சமாகிற 5,000 ரூபாய் பையில் கிடந்தால் கரைந்துவிடும். சம்பளம் வந்த அன்றே அதைக் கிரெடிட் கார்டுக்கு, இப்போது கட்டுவதற்கு மேலதிகமாகக் கட்டுங்கள். கார்டு வட்டி வருடத்துக்கு 20 வீதத்துக்கு மேல். உங்கள் வீட்டில் இப்போது மிக விலை கூடிய கடன் அதுதான். 90,000 ரூபாய் முடியும் வரை கார்டில் புதிதாக ஒன்றும் வாங்காதீர்கள். முடிந்ததும் அதே தொகையை ஒரு சேமிப்புக் கணக்கில் போட்டு வாருங்கள். என்றாவது கார் மாற்றத்தான் வேண்டும் என்று வரும்போது, லீசிங் தொகை அந்த அளவுக்குக் குறையும்.

கணவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். அவர் கேட்பதில் தப்பில்லை, பெற்றோல் பில்லைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். மூன்று மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் ஹைபிரிட்தான் வேண்டும் என்றால், கொப்பியில் உள்ள உண்மையான லீற்றர் கணக்கையும் லீசிங் விலைக் கடிதத்தையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து மறுபடி எழுதுகிறேன்.